ஒரு ஜெப நேரம் தாமதம்

டெல்வின் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரில் சண்டை விளையாட்டு விளையாடும்போது சுடுகிற தோட்டா, ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் கழித்து, அவன் எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்து சுட்டானோ அந்தத் திசையில் நிஜமாகவே வந்து விழும் என்பது இராயப்பர்புரத்துக்குத் தெரியவந்தது கிழிந்த வலை பொத்துகிற கஸ்பாரின் இடது காது அறுந்து விழுந்த அன்றைக்குத்தான். அதற்கு முன்பு அவருடைய ஆடு செத்திருந்தது, குகை மாதிரிக் கட்டிய கெபியில் மாதாவின் கண்ணாடிக்கூண்டு உடைந்திருந்தது, இரண்டையும் ஊர் ஓடைக்கு அக்கரையில் இருந்த பகையூர்க்காரர்கள் கணக்கில் எழுதி வைத்திருந்தது. காது மடியில் விழுந்ததும் கஸ்பார் கையிலிருந்த முடிச்சைப் போட்டு முடித்து, ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் ஊரே கேட்கும்படி கத்தினார். கத்தலைக் கேட்ட டெல்வின் பதறிப்போய் மேசையை வேறு பக்கம் திருப்பினான். ஆனால் அதற்குள் சுட்டிருந்த மிச்சத் தோட்டாக்கள், மேசை எங்கே திரும்பினால் எனக்கென்ன என்பதுபோல், முன்பு பார்த்த திசையிலேயே வரிசையாக வந்து கஸ்பாரின் வீட்டுச் சுவரில் ஏறின.

டெல்வினின் மனைவி ஜெனிட்டா அப்போது செராவை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. சுவரில் தோட்டா ஏறுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தி, விழித்து, திரும்பக் குடித்தது.

ஊர் இதற்கு ஒரு வாரத்துக்குள் பழகிக்கொண்டது. வீட்டுக்குள்ளிருந்து ஸ்பீக்கரில் டக் டக்கென்று கேட்டால் தெருவில் போகிறவர்கள் நின்று ஜெபத்தை ஆரம்பிப்பார்கள், ‘மரண வேளை’ என்ற இடம் வரும்போது தண்ணீர்க் குடத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தரையோடு தரையாகப் படுப்பார்கள், ஆமென் சொல்லும்போது தலைக்கு மேலே விர்ரென்று போகும், எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு குடத்தைத் தூக்கி, விட்ட இடத்திலிருந்து சண்டையையோ புறணியையோ தொடர்வார்கள். ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து ஜெபத்தை மென்று விழுங்கியே பழகியிருந்த செபஸ்தி என்பவன் இரண்டு வாய்க்குள் அதை முடித்துவிட்டு முன்கூட்டியே எழுந்து தோளில் வாங்கினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பங்குச்சாமி பிரசங்கத்தில், அவசரமாகவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம், அர்த்தத்தை உணர்ந்து ஒரே சீராகச் சொல்லுங்கள் என்றார். அதற்குப் பிறகு அந்தக் கடற்கரையிலேயே இராயப்பர்புரத்துக்காரர்கள் மாதிரி அழகாக ஜெபம் சொல்கிறவர்கள் கிடையாது என்று பெயர் வந்தது.

ஒருமுறை விளையாடிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போய்விட்டது. அப்பாடா என்று எல்லோரும் எழுந்து நடந்தார்கள். சாயங்காலம் கரண்டு வந்த அதே நொடியில், பாதியில் நின்ற தோட்டா அத்தனையும் ஒரே கொத்தாக வந்து இறங்கியது. மருந்துக்கட்டு போட்ட தோளோடு டீக்கடையில் நின்ற செபஸ்தி, கையில் டம்ளர் இருக்கும்போதே, வயிறு வேறு நெஞ்சு வேறு ஆகி விழுந்தான். டம்ளரில் டீ சிந்தவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த மெஷினில் சுட்டது எதுவும் தாமதமாகுமே தவிர வராமல் போகாது என்பதை ஜெனிட்டா அன்றைக்கு மனதில் முடிந்துகொண்டாள்.

செபஸ்தியை அடக்கம் செய்த மறுநாள் கோவில் மணியடித்து ஊர்க் கமிட்டி கூடியது. கம்ப்யூட்டரை நிறுத்தச் சொல்வார்கள் என்றுதான் ஜெனிட்டா நினைத்திருந்தாள். கமிட்டித் தலைவர் மிக்கேல் கொரைரா, எட்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், நாற்காலியில் கால்மேல் கால் போட்டபடி வேறொன்று கேட்டார்.

“ஏல டெல்வின், அந்த மேசையத் திருப்பிப் போட்டா என்னல?”

“எந்தப் பக்கம் அண்ணாச்சி?”

“கடலப் பார்த்துப் போடச் சொல்லும்,” என்றார் காதில் கட்டுப் போட்டிருந்த கஸ்பார்.

“கடலப் பார்த்துப் போட்டா நம்ம வள்ளம் மேலதான வே விழும். கெழக்கால போடச் சொல்லுதேன். ஓடைக்கு அந்தப் பக்கம்.”

ஓடைக்கு அந்தப் பக்கம் சின்னப்பர்புரம் இருந்தது. இராயப்பருக்கும் சின்னப்பருக்கும் ஒரே நாளில்தான் திருவிழா, இரண்டு ஊரும் ஒரே வேதக்காரர்கள், ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். குஞ்சுமீனையும் அள்ளிவிடுகிற பொடிக்கண் வலை போடலாமா கூடாதா என்பதில் மூன்று வருஷத்துக்கு முன்பு வெட்டிக்கொண்டதிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. ஜெனிட்டா அந்த ஊர்ப் பெண். சண்டை மூண்ட வருஷம்தான் டெல்வின் அவளை வள்ளத்தில் ஏற்றிக் கூட்டிவந்து தாலி கட்டியிருந்தான். அவள் அம்மா சிசிலியம்மாள் அன்றைக்கு ஓடைக்கரையில் நின்று, இனி உன் வாசல் படியை மிதிக்க மாட்டேன் என்று மண்ணை வாரித் தூற்றியது இக்கரை வரைக்கும் கேட்டது. அண்ணன் தொபியாஸ் மட்டும் யாருக்கும் தெரியாமல் போனில் பேசுவான்.

கமிட்டியில் யாரும் ஜெனிட்டாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்கு பேர் வந்து மேசையைத் தூக்கிக் கிழக்கு ஜன்னலுக்கு நேராகப் போட்டார்கள். ஒருவன் போகும்போது செராவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து தோட்டாக்கள் ஓடையைத் தாண்டிப் போய் விழுந்தன. ஆனால் தண்ணீர் மேல் சத்தம் நன்றாகப் போகும். ஸ்பீக்கர் டக் டக்கென்றதும் அக்கரையிலும் ஜெபத்தை ஆரம்பித்தார்கள், அதே ஞானோபதேசப் புத்தகம், அதே வார்த்தை, அதே இடத்தில் படுத்து அதே இடத்தில் எழுந்தார்கள். தண்ணீர்த் தொட்டி பொத்தலானது, தென்னைகளுக்குத் தலை போனது, சிசிலியம்மாளின் அடுக்களைச் சுவரில் ஏழு ஓட்டை விழுந்து காலை வெயில் ஏழு காசாகச் சட்டியில் விழுகிறது என்று தொபியாஸ் சொன்னான். ஆள் மட்டும் ஒருவரும் சாகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சின்னப்பர்புரத்துக்காரர்கள் பதில் சொன்னார்கள். கொரைராவின் மூத்த மகன் ஜோயல் காலையில் தனியாக ஓடைவாயைக் கடந்தபோது இரண்டு வள்ளத்தில் வந்து மறித்து, மீன் வெட்டுகிற கத்தியால் பதினேழு இடத்தில் வெட்டி, கையைத் துடுப்போடு சேர்த்துக் கட்டி, என்ஜினை ஓடவிட்டு, அவன் ஊர்ப் பக்கமாகவே வள்ளத்தைத் திருப்பிவிட்டார்கள். ஓட்ட ஆளில்லாத வள்ளம் அவன் உடம்போடு நேர்கோடாக வந்து கொரைராவின் வீட்டுக்கு எதிரே மணலில் ஏறி நின்றது. என்ஜின் பெட்ரோல் தீருகிறவரை உறுமிக்கொண்டே இருந்தது, யாரும் அதை நிறுத்தப் போகவில்லை. கொரைரா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேறு யாரையும் தொடவிடாமல், மகனைத் தானே கடல் தண்ணீரில் கழுவினார். கழுவக் கழுவ வந்துகொண்டிருந்தது. ஜெனிட்டா பிள்ளையைச் சேலைக்குள் மூடிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அந்த இரண்டு வள்ளத்தில் ஒன்றில் தன் அண்ணன் இருந்தானா இல்லையா என்று அவள் கடைசிவரை கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பூசை முடிந்ததும் கொரைரா நேராக டெல்வின் வீட்டுக்கு வந்தார். பின்னால் கமிட்டி வந்தது.

“இவ்வளவு நாள் சுடுதியே, ஒருத்தனாவது செத்தானால?”

“மெஷின் பழசு அண்ணாச்சி. ப்ராசசர் இழுக்குது. சுட்டதுக்கும் போய்ச் சேருததுக்கும் நடுவுல அவங்க படுத்திருதாங்க.”

“அந்த ப்ராசசர மாத்தினா?”

டெல்வினின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஜெனிட்டா அதைப் பார்த்தாள். அவன் கெட்டவனில்லை, ஜோயலுக்காக அழுதவன்தான், ஆனால் புது ப்ராசசர் என்ற சொல்லைக் கேட்டால் அவனுக்கு வேறு எதுவும் காதில் விழாது. “எட்டு கோர் இருக்குததுக்கு மாத்தினா சுட்ட நொடியிலேயே போய்ச் சேரும்,” என்றான்.

“கோர்னா?”

“இப்ப நம்ம மெஷின்ல ரெண்டு பேர் துடுப்புப் போடுதாங்கன்னு வைங்க. அதுல எட்டுப் பேர் போடுவாங்க.”

“அப்ப எட்டுப் பேருக்கும் பங்கு குடுக்கணுமோ?” என்றார் கஸ்பார். யாரும் சிரிக்கவில்லை.

திருவிழாவுக்கு இந்த வருஷம் வாணவேடிக்கை வேண்டாம், அந்தப் பணத்தில் ப்ராசசர் வாங்கிவிடலாம் என்று அங்கேயே முடிவானது. எதை வாங்குவது என்பதில்தான் இடறியது. எல்லாம் இங்கிலீஷில் இருந்தது, டெல்வின் பத்தாவது பெயில். டவுன் கான்வென்ட்டில் சிஸ்டர்களிடம் பன்னிரண்டாவது வரை படித்த ஒரே ஆள் அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே ஜெனிட்டாதான்.

“ஏ பிள்ள, நீ படிச்சுச் சொல்லு,” என்றார் கொரைரா.

அவள் போனை வாங்கிப் படித்தாள். படித்துக்கொண்டே போனபோது ஓரிடத்தில் அவளுக்கு மூச்சு வந்தது, ஏனென்றால் உலகத்தில் இந்த விஷயத்தைப் பற்றி எழுதுகிற அத்தனை பேரும் ஒரே ஒரு யோசனையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள்.

“இப்ப வாங்கக் கூடாதாம் அண்ணாச்சி. மூணு மாசத்துல அடுத்தது வருதாம். அது இதவிட நல்லாருக்குமாம். இப்ப வாங்குனா வாங்குன அன்னைக்கே பழசாயிருமாம்.”

கொரைரா யோசித்தார். எட்டு வள்ளம் வாங்கினவர், புது மாடல் என்ஜின் வருவதற்கு முந்தின வாரம் பழையதை வாங்கி ஏமாந்தவர். “சரி, காத்திருப்போம்,” என்றார்.

மூன்று மாதம் காத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் டெல்வின் தினமும் சுட்டான், அக்கரையில் தினமும் படுத்து எழுந்தார்கள், ஓடையில் இருட்டும் முன்பே நாட்டுவெடி வெடித்தது, ஒருவனுக்கு முழங்கைக்குக் கீழே போனது, இன்னொருவனை வலையோடு சுருட்டிக் கரையில் போட்டிருந்தார்கள். மூன்று மாதம் முடிந்து அடுத்தது வந்ததும் ஜெனிட்டா படித்துவிட்டு, இதற்கு நம் மெஷினின் போர்டு பொருந்தாது, போர்டையும் மாற்றுவதென்றால் ஈஸ்டருக்கு வேறு ஒன்று வருகிறது, அது இதே போர்டில் உட்காரும் என்றாள். காத்திருந்தார்கள். ஈஸ்டர் வந்தது. வந்திருப்பதில் சூடு அதிகம், கோடையின் கச்சான் மேல்காற்று அடங்குகிற வரைக்கும் பொறுக்கலாம் என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் டெல்வின் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான். “நீ பொய் சொல்லுதியா?”

“வெயிட் பண்ணச் சொல்லித்தாங்க எல்லாரும் போட்டிருக்காங்க. நீங்களே படிச்சுப் பாருங்க.”

அவனால் படிக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அவன் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான். மீன்குழம்பு வழிந்த சுவரைப் பார்த்துச் செரா முதல் தடவையாகக் கைதட்டியது.

மறுநாள் கொரைரா தனியாக வந்தார். தூளிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இடுப்பிலிருந்து மீன் வெட்டுகிற கத்தியை உருவி, பிள்ளையின் தலைமாட்டில், தூங்குகிற பிள்ளை பயப்படாமல் இருக்க இரும்பு வைப்பார்களே அப்படி, மெதுவாக வைத்தார்.

“பிள்ளைக்கு எத்தன மாசம்?”

“எட்டு, அண்ணாச்சி.”

“ஜோயலுக்கு இருபத்தி நாலு வயசு. இனிமே காத்திருக்க வேண்டாம், என்ன?” என்று சொல்லிவிட்டுக் கத்தியை அங்கேயே விட்டுப் போனார்.

மீன்பிடித் தடைக்காலம் பிறந்து வள்ளமெல்லாம் கரையேறிய வாரத்தில் சென்னையிலிருந்து ஆள் மூலமாக ப்ராசசர் வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, மறுபக்கம் ஆயிரத்துக்கும் மேலே பொன்னிற ஊசிகள். ஊரே வாசலில் நின்றது. டெல்வின் பழையதைக் கழற்றி வைத்தான். பெட்டியோடு வந்த தாளை ஜெனிட்டா வாசித்தாள். வாசித்து, அதில் இல்லாத ஒன்றைச் சொன்னாள். “மீன் வாடை பட்ட கை தொடக்கூடாதாம்.”

வாசலில் நின்ற அத்தனை பேரும் அவரவர் கையை முகர்ந்து பார்த்தார்கள். டெல்வினும் பார்த்தான். மூன்று நாளாக மீனைத் தொடாத கை அங்கே பிள்ளைப் பால் வாடை அடிக்கிற ஒரு கைதான்.

கை கழுவி வருகிறேன் என்று ப்ராசசரோடு அடுக்களைக்குள் போனாள். செராவின் அரைஞாணில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். உடைத்தால் இன்னொன்று வாங்கிவருவார்கள், அடுத்த கத்தி தலைமாட்டில் இருக்காது. இழுக்கட்டும், இன்னும் கொஞ்சம் இழுக்கட்டும் என்றுதான் நினைத்தாள். வியாகுல மாதாவின் நெஞ்சில் ஏழு வாள் என்று கான்வென்ட்டில் மனப்பாடம் செய்திருந்ததால், அந்த எண்தான் கைக்கு வந்தது. ஏழு ஊசிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்தாள். பிறகு வெளியே வந்து அதை அதன் குழியில் தானே உட்காரவைத்தாள்.

டெல்வின் கிழக்கே பார்த்து உட்கார்ந்தான். கொரைரா அவன் தோளில் கை வைத்து நின்றார். “எல்லாம் ஜோயலுக்கு,” என்றார்.

ஒரு மணி நேரம் சுட்டான். சத்தம் என்றால் அதுவரை கேட்டிராத சத்தம், ஒவ்வொரு தோட்டாவும் தனித்தனியாகக் காதுக்குள் குத்தியது. ஆறு தடவை குண்டு தீர்ந்து ஆறு தடவை நிரப்பினான், கையெறிகுண்டு என்று திரையில் இருந்ததையெல்லாம் எறிந்தான். ஓடைக்கு அப்பால் ஜனங்கள் தரையில் படுப்பது சின்னதாகத் தெரிந்தது. இக்கரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் வரவில்லை. ஒரு ஜெப நேரம் போனது, ஐம்பத்து மூன்று ஜெபமணி உருண்டு ஒரு ஜெபமாலை முடிந்தது. அக்கரையில் சாயங்காலம் வரைக்கும் படுத்தே கிடந்து, பசி தாங்காமல் ஒவ்வொருவராக எழுந்து அடுப்பு மூட்டப் போனார்கள். திரை அப்படியே நின்றுபோயிருந்தது. நடுவானத்தில் அரிசிமணி தூவினமாதிரித் தோட்டாக்கள், அவற்றுக்கு எதிரே தூரத்தில் ஒரு வெள்ளைச் சுவர்.

“ஹேங் ஆயிட்டு,” என்றான் டெல்வின்.

கொரைரா மணலில் காறித் துப்பிவிட்டு நடந்தார். அந்த முதுகு அன்றைக்குத்தான் கிழவர் முதுகானது.

ஆஃப் பண்ணவா என்று டெல்வின் கேட்டபோது ஜெனிட்டா செபஸ்தியை ஞாபகப்படுத்தினாள். அவன் கையை எடுத்துக்கொண்டான். கரண்டு போனாலும் அணையாமலிருக்க இரண்டு பேட்டரி வாங்கி வைத்தார்கள். கம்ப்யூட்டர் மூலையில் முனகிக்கொண்டு கிடந்தது. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார்கள். கொஞ்ச நாளில் அதன்மேல் துவைத்த துணி ஏறியது.

துப்பாக்கி ஓய்ந்ததும் பகை தானாகவே தளர்ந்தது. இரண்டு பங்குச்சாமிகளும் ஓடை நடுவில் வள்ளத்தை நிறுத்திப் பேசினார்கள். பொடிக்கண் வலைக்கு நாள் பிரித்தார்கள். தடைக்காலம் முடிந்து முதல் மீனோடு வந்த அன்றைக்கு இரண்டு ஊர் ஆட்களும் ஒரே ஏலத்தில் நின்றார்கள். ஜெனிட்டா மட்டும் தூங்கவில்லை. தினமும் காலையில் துண்டை விலக்கி அந்தத் திரையைத் தூசி தட்டுவாள். ஒருநாள் தட்டும்போதுதான் தெரிந்தது, முன்னால் நின்ற தோட்டா நேற்று நின்ற இடத்தில் இல்லை.

ஒரு நூல் அளவு. அவ்வளவுதான் நகர்ந்திருந்தது. செராவின் கண்மையை விரலில் தொட்டு, தோட்டாவின் மூக்குக்கு நேராகத் திரையில் ஒரு புள்ளி வைத்தாள். மறுநாள் தோட்டா புள்ளியைத் தாண்டியிருந்தது. இன்னொரு புள்ளி வைத்தாள். கண்பட்டுவிடக் கூடாது என்று கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கிறாள் என்று டெல்வின் நினைத்து, அவள்மேல் பழைய பிரியம் திரும்பி, அன்றைக்கு அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிவந்தான். பதினைந்து புள்ளி ஆனதும், தையல் டேப்பை எடுத்து, கடைசிப் புள்ளியிலிருந்து வெள்ளைச் சுவர் வரைக்கும் அளந்து, ஒரு நாளைக்கு நகர்கிற தூரத்தால் வகுத்து, தோட்டா சுவரைத் தொடுகிற நாளைக் கணக்குப் போட்டாள். ஆவணி மாதம், இரண்டாவது புதன்கிழமை, காலை பத்தரையிலிருந்து பதினொன்றுக்குள்.

யாரிடம் சொல்வது? ஊசியை வளைத்தவள் அக்கரைக்காரி என்று தெரிந்தால் இந்த ஊரில் அவளும் பிள்ளையும் மிஞ்ச மாட்டார்கள். வரப்போகிறது என்று அக்கரைக்குச் சொன்னால் அவர்கள் தோட்டாவுக்கு முன்னால் அரிவாளோடு ஓடையைத் தாண்டிவிடுவார்கள். அவள் இரண்டு நாள் யோசித்தாள், மூன்றாம் நாள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, செராவுக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடி வேணும். சமாதானம் ஆனதுக்கு நம்ம ஊர் முழுக்க வரணும், சமையலுக்கு ஆள் சொல்லியாச்சு. ஆவணி ரெண்டாவது புதன்.”

“புதன்கிழமையா? கிறுக்கு பிடிச்சிருக்காட்டி? தொழிலுக்குப் போற நாள். ஞாயித்துக்கிழம வை.”

“புதன்தாண்ணே.”

“ஏன்?”

“நேர்ச்சை,” என்றாள். நேர்ச்சை என்று சொன்னால் அந்தக் கடற்கரையில் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். இக்கரையிலும் அதையே சொன்னாள். புதன்கிழமை காதுகுத்து வைக்கிற முதல் வீடு என்று இரண்டு ஊரும் அவளைக் கேலி பண்ணிச் சிரித்தன, ஒரே விஷயத்துக்கு இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

புதன்கிழமை காலையில் பதினோரு வள்ளங்கள் ஓடையைத் தாண்டி வந்தன. தாம்பூலம், பழத்தட்டு, செராவுக்குப் பட்டுப்பாவாடை, நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள், கைப்பிள்ளைகள் வந்தன, கோவில் மணியடிக்கிற கோவில்பிள்ளைகூட மணிக்கூண்டைப் பூட்டிவிட்டு வந்தார். ஜெனிட்டா கரையில் நின்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். கொரைரா பந்தலின் கடைசியில் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தார், ஆனால் வந்திருந்தார். கடைசி வள்ளத்திலிருந்து தொபியாஸ் குதித்தான்.

“அம்மா எங்கண்ணே?”

“வரலட்டி.”

“மூணு தடவ சொல்லிவிட்டேனே!”

“படி மிதிக்க மாட்டேன்னவ, நேத்து இளகித்தான் இருந்தா. சேலை எல்லாம் எடுத்து வச்சா. காலைல பார்த்தா வலை நெறைய சாளை கிடச்சிருக்கு, கடக்கரையில காயப்போட்டிருக்கா. காக்கா தூக்கிரும், யாரு பாக்கன்னு உக்காந்துட்டா. ‘ஞாயித்துக்கிழம வச்சிருந்தா வந்திருப்பேன்னு அவகிட்டச் சொல்லு’ன்னா.”

“போன் போடுண்ணே.”

போட்டான். மணி அடித்து அடித்து நின்றது. போன் வீட்டுக்குள் கிடக்கும், அவள் கடற்கரையில் இருப்பாள்.

மணி பத்து இருபது. வள்ளத்தில் அக்கரைக்குப் போகப் பத்து நிமிஷம், கடற்கரைக்கு ஓடப் பத்து நிமிஷம். சொன்னால் அண்ணன் போவான். அவனைப் பார்த்தால் தெரியும், ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தச் சட்டையோடு தண்ணீரில் குதிப்பான், சரியாகத் தோட்டா வருகிற நேரத்துக்கு அம்மாவின் பக்கத்தில் நிற்பான். ஜெனிட்டா வாயைத் திறந்தாள். பிறகு செராவைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள்.

“உக்காருண்ணே. ஆசாரி காத்திருக்காரு.”

தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்துவிட்டால் இரண்டு காதும் குத்தி முடிகிறவரை அவன் எழுந்திருக்கக் கூடாது என்பது அவர்கள் முறை. தொபியாஸ் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பிள்ளை அவன் மீசையைப் பிடித்தது. ஆசாரி கம்பியை எடுத்து, வலது காதைத் தேய்த்துச் சூடேற்றி, ஒரே அழுத்தாக அழுத்தினார். செரா வீலென்று அலறிய அந்த நொடியில், வீட்டுக்குள் துவைத்த துணிகளுக்கு அடியில் கம்ப்யூட்டரின் முனகல் நின்றது.

முதல் தோட்டாச் சத்தத்துக்கே பந்தல் முழுக்க, இரண்டு ஊரும், பழக்கத்தில் தரையில் விழுந்தது. சாம்பார் வாளி உருள, இலைகளுக்கு நடுவே கன்னத்தை மண்ணில் வைத்துக்கொண்டு, ஆயிரம் பேர் ஒரே சீராக அழகாக ஜெபம் சொன்னார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் சின்னப்பர்புரத்தைத் தோட்டா கிழித்தது. ஓடு பறந்தது, கூரை பறந்தது, பூட்டின மணிக்கூண்டில் மணி தானாக அடித்து, பிளந்து, விழுந்தது. கையெறிகுண்டுகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் போய் வெடித்தன. கடற்கரையில் காயப்போட்டிருந்த சாளைமீன்கள் உயிர் வந்த பறவைக்கூட்டம் மாதிரி எழும்பி, வெயிலில் மின்னி, சிவப்பாகி, தண்ணீரில் விழுந்தன.

அடங்கியதும் கொரைராதான் முதலில் எழுந்தார். “இது எப்பச் சுட்டதுல?” என்று கேட்டார்.

“நீங்க சொன்ன அன்னைக்கிச் சுட்டது அண்ணாச்சி,” என்றான் டெல்வின்.

கொரைரா ஓடைக்கு அப்பால் எழும்புகிற புகையைப் பார்த்தார். பார்க்க வேண்டுமென்று நினைத்ததுதான் அது. வாயைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார்.

தொபியாஸ் பிள்ளையைத் தன் உடம்புக்கு அடியில் மூடிப் படுத்திருந்தான். மெதுவாக எழுந்தான். சட்டையெல்லாம் பிள்ளையின் காதிலிருந்து வந்த ரத்தம், ஒரு சின்னக் கை அகலத்துக்கு. ஓடைக்கு அப்பால் பார்த்தான், பந்தலில் கிடக்கிற தன் ஊர் முழுவதையும் பார்த்தான், கடைசியில் தங்கையைப் பார்த்தான்.

“புதன்கிழமன்னு ஏன்டி சொன்ன?”

அவள் பிள்ளைக்காகக் கையை நீட்டினாள். அவன் பிள்ளையைக் கொடுத்தான். கொடுத்துவிட்டு நடந்து, வள்ளத்தில் ஏறாமல், ஓடைக்குள் இறங்கினான், இடுப்பு, நெஞ்சு, கழுத்து என்று நீந்திப் போனான். சிசிலியம்மாளின் உடம்பில் பதினேழு ஓட்டை இருந்ததாகக் கொரைராவிடம் யாரோ சொன்னார்கள். அவர் அதன் பிறகு கடலுக்குள் வள்ளம் விடவில்லை.

ஆசாரி அடுத்த காதுக்கென்று வைத்திருந்த கம்பி பாயிலேயே கிடந்தது. செராவுக்கு இப்போது ஆறு வயது. வலது காதில் கம்மல் போட்டிருக்கிறது. மாமன் மடி இல்லாமல் மற்றதைக் குத்தக்கூடாது, மாமன் வருவதில்லை. “இந்தக் காத எப்பம்மா குத்துவ?” என்று கேட்கும்போதெல்லாம், “பொறு, கொஞ்ச நாள் வெயிட் பண்ணலாம்,” என்கிறாள் ஜெனிட்டா. ப்ராசசர்களும் வருஷத்துக்கு ஒன்றாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. டெல்வினின் கம்ப்யூட்டர் செத்த இடத்திலேயே கிடக்கிறது, அவன் அதைத் திறந்து ஏழு ஊசிகளையும் பார்த்தான், மூடிவைத்துவிட்டுக் கடலுக்குப் போனான்.

அக்கரையில் தொபியாஸ் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருப்பதாகப் போன மாதம் தெரிந்தது. மேசையை மேற்கே பார்த்துப் போட்டிருக்கிறானாம். அதில் இருப்பது எந்த ப்ராசசர், பழசா புதுசா, யாருக்கும் தெரியாது. பொறுத்து வாங்கினானா, பொறுக்காமல் வாங்கினானா என்று கேட்டுச் சொல்லவும் ஆளில்லை.

நேற்று மத்தியானம் ஜெனிட்டா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பல்லாங்குழிக்கு முத்துப் பொறுக்கிக்கொண்டிருந்த செரா, தலையைச் சாய்த்து, கம்மல் இல்லாத காதை ஓடைப் பக்கம் திருப்பினாள்.

“அம்மா, மாமா வெளயாட ஆரம்பிச்சாச்சு.”

ஜெனிட்டா மகளை இழுத்து மண்ணில் தள்ளி, மேலே கவிழ்ந்து, ஜெபத்தைத் தொடங்கினாள். ஒரு வார்த்தை விடாமல், அவசரப்படாமல், இழுக்காமல் சொல்ல வேண்டும். முடிக்கிற அளவுக்கு நேரம் இருக்கிறதா என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.